முப்பத்தோரு சீவல்கள்

கெசீனா தாடனை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று ஆய்வுக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அது பொய். முதல் நாள் பிடித்திருந்தது. இரண்டாம் நாளும் பிடித்திருந்தது. மூன்றாம் நாள்தான் வயிறு எரிய ஆரம்பித்தது. அது இன்றுவரை முழுசாக அணையவில்லை.

என் பெயர் ஒட்டிலி க்ராம்பாக். பெர்லினில் பேராசிரியர் ரோடவால்ட் நடத்திய உடற்கூறு ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் படம் வரைந்தவள். அதற்கு முன் இரண்டு வருடம் கீழ்த்தளத்தில் சீவும் இயந்திரத்தோடு குப்பை கொட்டினேன். கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடியின் வடக்கு ஜன்னல் அறைக்கு வந்து சேர்ந்த பெண் அங்கே நான் ஒருத்திதான். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க மாறாது, நிழல் ஆடாது. படம் வரைகிறவர்களுக்கு அந்த ஜன்னல் எவ்வளவு பெரிய சொத்து என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எங்கள் வேலை இதுதான். ஒரு கரு அவரைக்கொட்டை அளவுகூட இருக்காது. அதை மெழுகுக் கட்டிக்குள் வைத்து உறையவிட்டு, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கனத்தில் சீவுவோம். ஒவ்வொரு சீவலையும் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, விளக்கின் முன் வைத்தால் அதன் பிம்பம் ஐம்பது மடங்கு பெரிதாகி மேசைமேல் விரித்த காகிதத்தில் விழும். அதன் ஓரத்தைப் பென்சிலால் எடுத்துக்கொள்வோம். நானூறு சீவல் என்றால் நானூறு காகிதம். பிறகு அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகத் தள்ளி ஒவ்வொரு காகிதமாக அடுக்கி, வெளியே தெரிகிற விளிம்பை மட்டும் வரைந்துகொண்டே போக வேண்டும். வெட்டிப்போட்ட கரு காகிதத்தில் மறுபடி எழுந்து நிற்கும். முதுகு, வயிறு, உள்ளே ஓடும் குழாய்கள் எல்லாம் கையால் தொட்டுவிடலாம் போலிருக்கும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நேராகவும் நிற்கவைக்கலாம், ஒரு பக்கம் சரித்தும் வைக்கலாம், நடுவில் அமுக்கிப் பள்ளமாகவும் ஆக்கலாம். எந்தச் சீட்டும் 'என் இடம் இது இல்லை' என்று வாய் திறந்து சொல்லாது. சீவல்களும் அப்படித்தான். அதனால் சீவுவதற்கு முன் மெழுகுக் கட்டியின் ஒரு பக்கத்தில் புகைக்கரியால் கோடு போடுவோம். ஒவ்வொரு சீவலின் ஓரத்திலும் அந்தக் கறுப்பு விழுந்திருக்கும். கறுப்பைக் கறுப்போடு சேர்த்தால் கட்டு தன் நிஜ வடிவத்தில் நிற்கும். இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கரு முழுசாக இருக்கும்போதே அதன் வெளிக்கோட்டை ஒரு தாளில் வரைந்து, தகடுகள் வைக்கும் பெட்டியின் மூடிக்குள் நான்கு குண்டூசியால் குத்திவைப்போம். கரிக்கோடு காலை வாரினாலும் அந்தப் படம் கைகொடுக்கும்.

கெசீனா 1911 அக்டோபரில் வந்தாள். இருபத்தாறு வயது. வடகடல் பக்கத்துப் பெண். என்னைவிட ஒரு சாண் உயரம். சட்டைக் கை முழுக்க சாக்பீஸ் தூள். வேலை செய்யும்போது சீட்டியடிப்பாள், யாரும் அடக்கவில்லை. நான் சீட்டியடித்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"என்னை கெசீனான்னே கூப்பிடுங்க ஒட்டிலி. நீ, வான்னே பேசிக்கலாமே, ஒரே ரூம்லதானே இருக்கப்போறோம்" என்றாள் முதல் நாள்.

"இங்க அப்படிப் பழக்கம் இல்ல, ஃப்ராய்லைன் தாடன்" என்றேன், 'செல்வி' என்று மரியாதை போட்டே.

"சரி, நீங்க பழகுற வரைக்கும் நான் காத்திருக்கேன், ஒட்டிலி" என்று சிரித்தாள். அப்போதுகூட எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, என் உட்செவித் தகடுகளை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் ஏழு மாதம் உட்கார்ந்து அடுக்கி வரைந்த உட்செவி அது. பேராசிரியர் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருந்த படம். பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு கையில் பிளம் ஜாம் தடவிய ரொட்டி, இன்னொரு கையில் தகடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பெட்டி முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ரொட்டியை மென்று முடித்தாள். பிறகு சாக்பீஸ் எடுத்து மெழுகு வந்த மரப்பெட்டியின் மூடியில் வரைந்தாள். உட்செவியின் மூன்று வளையங்கள், அடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. நான் பக்கவாட்டில் இருந்துதான் வரைந்திருந்தேன். அடியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் நான் எல்லாக் காகிதத்தையும் மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டும்.

பேராசிரியர் வந்தார், பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மாலையே என்னை அந்தக் கோணத்தில் அடுக்கிச் சரிபார்க்கச் சொன்னார். மூன்று வாரம் அடுக்கினேன். ஒரு தலைமுடி அளவுகூட அவள் தப்புச் செய்திருக்கவில்லை.

எனக்கு ஏழு மாதமும் மூன்று வாரமும். அவளுக்கு ஒரு காலையும் ஒரு ரொட்டியும். இப்போது சொல்லுங்கள், வயிறு எரியுமா எரியாதா?

கூடத்தின் பணியாள் லேனிக் அந்த மரமூடியைத் துடைக்க மனமில்லாமல் ஒரு வாரம் சுவரில் சாய்த்துவைத்திருந்தார். ஊரிலிருந்து அவர் கொண்டுவரும் வெள்ளரி ஊறுகாய் ஜாடியை நீட்டி, "ஒண்ணு எடுத்துக்குங்க ஃப்ராய்லைன் க்ராம்பாக். உங்க முகத்தைவிட இது புளிப்புக் கம்மிதான்" என்றார்.

"உங்க வேலையப் பாருங்க."

"பாக்குறேன், பாக்குறேன். ஆனா சிலருக்கு ஆண்டவன் மண்டைக்குள்ளயே அலமாரி வெச்சு அனுப்பிடுறாரு. நாமதான் கடையில வாங்கிப் படியேத்த வேண்டியிருக்கு."

நவம்பரில் பேராசிரியர் தன் பெரிய புத்தகத்துக்கான ஒன்பதாம் படத்தை அறிவித்தார். பதினான்கு படங்களில் அதுதான் நடுநாயகம். மடித்து வைக்கிற பெரிய தாள். வலது ஓரத்தில் வரைந்தவர் பெயர். அந்தப் படத்தை வரைகிறவருக்கே வடக்கு ஜன்னலை ஒட்டிய மேசையும் நிரந்தர வேலையும் என்று எல்லோருக்கும் தெரியும். இருபத்தேழாம் எண் கருவிலிருந்து வரைய வேண்டும். அந்தக் கருவை நாலு வருடம் முன்பு மெழுகில் வைத்தது நான், சீவியது நான். அதனால் பேராசிரியர் வாயைத் திறக்கும்போதே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஃப்ராய்லைன் தாடன் பண்ணட்டும்" என்றார்.

நின்றவள் நின்றபடியே ஜன்னலைத் திறந்துவிட்டேன், அதற்காகத்தான் எழுந்தேன் என்பதுபோல. நவம்பர்க் குளிர் உள்ளே வந்தது. "யாருக்கு இப்ப காத்து வேணும்?" என்று யாரோ கத்தினார்கள்.

கெசீனாவுக்குப் பெட்டியை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான்தான். அலமாரி அறைக்குப் போய் இருபத்தேழைத் திறந்தேன். மூடிக்குள் நான் வரைந்த வெளிக்கோட்டுப் படம் இருந்தது. 1907 மே பதினான்கு. அந்த வசந்தத்தில் பேராசிரியர் நேப்பிள்ஸில் இருந்தார். மருத்துவமனையிலிருந்து கரு வந்த மதியம் கூடத்தில் நான் மட்டும்தான். கிண்ணத்து நீரில் அது மிதந்துகொண்டிருக்க, கிண்ணத்தைத் தொடாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வரைந்தேன். நடுமுதுகில் லேசான பள்ளம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபடியே போட்டிருந்தேன்.

அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இருந்தது, அது என் குறைதான். சீவும்போது கட்டியின் ஓரம் உதிர்ந்துபோய், நூற்றுப்பன்னிரண்டிலிருந்து நூற்று நாற்பத்திரண்டு வரை முப்பத்தோரு சீவல்களில் கரிக்கோடு விழவில்லை. சரியாக அந்தப் பள்ளம் இருந்த இடம். வெளிக்கோட்டுப் படம் இல்லாமல் அந்த முப்பத்தொன்றையும் எந்த மகாராணியாலும் சரியாக அடுக்க முடியாது.

நான் குண்டூசிகளைப் பிடுங்கினேன். தாளை மடிக்காமல் ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டுபோய் என் மேசைமேல் கிடந்த மை ஒற்றுத்தாளுக்கு அடியில் செருகினேன். என் திட்டம் எளிது. அவள் தப்பாக வரைந்து முடிக்கட்டும். எல்லோரும் கூடிப் பாராட்டும் நாளில் நான் தாளைக் கண்டெடுத்ததுபோல எடுத்து நீட்டுவேன். மண்டைக்குள் அலமாரி வைத்திருப்பவள் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெட்கமாக இல்லையா என்றால், அப்போது இல்லை.

மறுநாளே கேட்டாள். "ஒட்டிலி, இந்தப் பெட்டி மூடியில நாலு ஓட்டை இருக்கு, படத்தைக் காணோமே. நீங்கதானே அன்னிக்கு வெட்டினீங்க? வெளிக்கோடு வரையலையா?"

"பழைய பெட்டி. எனக்கு ஞாபகம் இல்ல."

"யோசிச்சுப் பாருங்களேன். நடுவுல கரிக்கோடு வேற இல்ல."

"ஞாபகம் இல்லன்னு சொல்றேன்ல."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க" என்று போய்விட்டாள். அன்றிலிருந்து சீட்டி மட்டும் இல்லை.

டிசம்பரில் வியன்னாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. இந்த வயதுக் கருக்களின் நடுமுதுகில் இயற்கையாகவே ஒரு பள்ளம் உண்டு என்று அங்கிருந்த ஒருவர் எழுதியிருந்தார். பேராசிரியர் கொதித்துப்போனார். இடுக்கியால் முரட்டுத்தனமாக எடுக்கிறவர்கள் அமுக்கிவிடும் பள்ளம் அது என்று பத்துப் பக்கம் பதில் எழுதினார். அதற்கு வியன்னாக்காரர் பன்னிரண்டு பக்கம் எழுதினார். கூடத்தில் அந்த ஊர்ப் பெயரே ஆகாமல் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு வியன்னா சாசேஜ் கொண்டுவந்தால்கூட லேனிக் "அந்தக் குட்டி சாசேஜ்" என்றுதான் சொல்வார்.

என் ஒற்றுத்தாளுக்கு அடியில் இருந்தது இப்போது வெறும் படம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. கெசீனா கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் அந்த முப்பத்தோரு காகிதங்களையும் அப்படியும் இப்படியும் நகர்த்துவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளே வந்து என் மேசையில் கை ஊன்றினாள். தாள் அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே இருந்தது.

"ஒரு ரத்தக்குழாய் ஒட்டிலி, முதுகை ஒட்டிப் போகுது. மேல அழகா வருது, கீழ அழகாப் போகுது. நடுவுல மட்டும் மாடிப்படி மாதிரி முண்டு முண்டா இருக்கு. குழாய் அப்படி ஓடாதில்ல?"

"ஓடாது."

"அப்ப நான் எங்கயோ தப்பு பண்றேன். எங்கன்னுதான் தெரியல. நீங்க ஒரு தடவை அடுக்கிப் பாக்குறீங்களா? உங்க கை நிதானமான கை."

"எனக்கு என் வேலையே தலைக்கு மேல கெடக்கு" என்றேன்.

மார்ச் முதல் வாரம் படத்தைக் காட்டினாள். உதவியாளர்கள், மாணவர்கள், லேனிக் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். நான் பின்னால் நின்றேன், தாள் ஏப்ரன் பைக்குள் இருந்தது. தோள்களுக்கு இடையே எட்டிப் படத்தைப் பார்த்தேன். தலை குனிந்திருந்த விதம், தோலுக்கு அடியில் கல்லீரலின் புடைப்பு, கைகள் முளைக்கப்போகிற மொட்டுகள். அவ்வளவு உயிர். பொறாமையில் கண்ணில் நீர் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற உதவியாளர் நான் நெகிழ்ந்துவிட்டதாக நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார்.

பேராசிரியர் குனிந்தார். "முதுகு வழவழன்னு இருக்கு!" குரல் மேலே ஏறியது. "பாத்தீங்களா எல்லாரும்? பள்ளமும் இல்ல, கிள்ளமும் இல்ல. ஈஸ்டருக்கு அப்புறம் மாநாட்டுல இதைக் கொண்டுபோய் அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா விரிக்கிறேன். அது சரி, இங்க மட்டும் ஏன் புள்ளி புள்ளியா விட்டிருக்கீங்க?"

நடுமுதுகு, முப்பத்தோரு சீவல்களின் நீளம், மைக்கோடாக இல்லை. புள்ளிக்கோடு. தெரியாததைப் புள்ளியாகத்தான் விட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

"அங்க எனக்குத் தெரியாது ப்ரொஃபஸர்" என்றாள் கெசீனா. "கரிக்கோடு இல்ல, வெளிக்கோட்டுப் படமும் இல்ல. வழவழன்னு வெச்சா குழாய் முண்டா வருது. அதனால வழவழப்பு தப்பாத்தான் இருக்கணும். சரியானது எதுன்னு தெரியாததால புள்ளி வெச்சேன்."

"மேலயும் வழவழப்பு, கீழயும் வழவழப்பு. நடுவுல மட்டும் வேற என்ன இருக்கப்போகுது? மை போட்டு மூடுங்க."

"மன்னிக்கணும். முடியாது."

"என்ன?"

"தெரியாத எடத்துல நான் கோடு போட மாட்டேன், ப்ரொஃபஸர்."

 பேராசிரியரின் காது மடல் சிவந்தது. அவர் கண் கூட்டத்துக்கு மேலாக வந்து என்மேல் நின்றது.

"ஃப்ராய்லைன் க்ராம்பாக். உங்க கோடு நடுங்காது. நீங்க போடுங்க. போட்டுட்டு, ஓரத்துல உங்க பெயரையும் எழுதிடுங்க. ஜன்னல் மேசை இனி உங்களுது. ஃப்ராய்லைன் தாடன் வேற எடம் பாத்துக்கட்டும்."

நான் கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது. ஒன்றுகூடக் குறையவில்லை.

எல்லோரும் போன பிறகு கெசீனா தன் பென்சில்களைத் துணியில் சுருட்டினாள். நான் படத்தின் முன் உட்கார்ந்து பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன், திட்டுவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"நல்ல மை போடுங்க ஒட்டிலி. அந்தக் கறுப்பு புட்டி கட்டிதட்டிப்போச்சு" என்றாள்.

"கோவமே வரலயா உங்களுக்கு?"

"வருது. ஆனா வேற என்ன பண்ணச் சொல்றீங்க? தெரியலன்னா தெரியலதானே." தோளைக் குலுக்கினாள். "சாமான நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

கதவு சாத்தியது. படிகளில் அவள் சீட்டி கேட்டது. நான்கு மாதம் கழித்து அன்றுதான் மறுபடி சீட்டியடித்தாள். வேலை போன அன்று.

நான் பேனாவை மையில் தோய்த்தேன். எங்கே கோடு போட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்து நிமிஷ வேலை. ஆனால் கை போகவில்லை. மனசாட்சி என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான், அது இல்லை. அவள் மண்டைக்குள் அலமாரி இருந்தது, அதைத்தான் இத்தனை நாள் பொறுக்காமல் கிடந்தேன். இப்போது பார்த்தால் அவளுக்கு முதுகெலும்பும் இருக்கிறது. ஜன்னலும் பெயரும் நிரந்தர வேலையும் கண்முன்னே வைத்து, புள்ளியைக் கோடாக்கு என்றபோது முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் அவளுடைய புள்ளிகள்மேல் பொய்க் கோடு போட்டுப் பெயர் எழுதிக்கொண்டால், ஆயுள் முழுக்க அந்த ஜன்னலில் உட்கார்ந்து 'அவள் மாட்டேன் என்றாள், நான் சரி என்றேன்' என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். திறமையில் அவள் முந்தினாள், போகட்டும். நேர்மையிலும் அவள் என்னை முந்துவதா? அதை என்னால் தாங்க முடியவில்லை.

தாளை எடுத்து விளக்கில் பெரிதாக்கினேன். முப்பத்தோரு காகிதங்களையும் ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்தின்மேல் நகர்த்தி உட்காரவைத்தேன். நூற்று இருபத்தேழுக்கு வந்தபோது குழாயைப் பார்த்தேன். முண்டு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக ஓடியது. நான்கு மாதம் அவள் தேடியது என் ஒற்றுத்தாளுக்கு அடியில் இருந்தது. பள்ளத்தோடு முதுகை மையில் போட்டு முடித்தேன். ஓரத்தில் பெயர் எழுதவில்லை.

காலையில் பேராசிரியர் வந்து பார்த்தார். நல்ல நேரம் பார்த்து கெசீனாவும் சாமான் எடுக்க வந்து சேர்ந்தாள். லேனிக் அடுப்புக்குக் கரி கொண்டுவந்தவர் வாளியோடு அப்படியே நின்றார்.

"இது என்ன?" என்றார் பேராசிரியர்.

"கருவோட முதுகு. வெட்டறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சு." தாளை அவர் முன் வைத்தேன். "நான் பாத்து வரைஞ்சது."

அவர் தாளைத் தூக்கிப் பிடித்தார், தேதியைப் படித்தார். ஒரு கணம் அவர் முகத்தில் பயம் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. பிறகு அதை எங்கேயோ விழுங்கிவிட்டார். "அப்ப நீங்கதான் இடுக்கியால அமுக்கியிருக்கீங்க."

"நான் கிண்ணத்தையே தொடல, ப்ரொஃபஸர்."

"அமுக்கியிருக்கீங்க! நான் பத்துப் பக்கம் எழுதினதுக்கு என் கூடத்துலயே ஒரு சாட்சி!" தாளை மேசைமேல் எறிந்தார். "இன்னிக்கே கீழ்த்தளத்துக்குப் போங்க. சீவுறது மட்டும் போதும். அதையாவது ஓரம் உதிராம சீவுங்க."

கதவை அறைந்துகொண்டு போனார். லேனிக் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

கெசீனா தாளை எடுத்தாள். முதலில் பள்ளத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. பிறகு நான்கு மூலைகளையும் பார்த்தாள். நான்கு குண்டூசி ஓட்டைகள்.

"இது மூடியில இருந்ததா?"

"ஆமா."

"எப்ப எடுத்தீங்க?"

"நவம்பர்ல. உங்களுக்குப் பெட்டி குடுக்குறதுக்கு முன்னாடி."

"நான் கேட்டப்ப?"

"என் மேசையில இருந்துச்சு. குழாயைப் பத்திச் சொன்னீங்களே, அப்ப உங்க கைக்கு அடியிலயே."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "நாலு மாசம்" என்றாள். "எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சுன்னு நெனச்சேன். ஊருக்குத் திரும்பிப் போயிடலாம்னு அம்மாவுக்குக் கடுதாசி எழுதினேன். ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"பொறாமை" என்றேன்.

"இப்ப எடுத்துக் குடுத்தது?"

"அதுவும் பொறாமைதான்."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து என்னை அடுக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது. பிறகு தாளைத் தன் பென்சில் துணிக்குள் வைத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கவில்லை.

"வரேன், ஃப்ராய்லைன் க்ராம்பாக்" என்றாள். ஒட்டிலி என்று அதற்குப் பிறகு என்னை அந்தக் கூடத்தில் யாரும் கூப்பிட்டதில்லை.

ஒன்பதாம் படம் புத்தகத்தில் வந்தது. பள்ளத்தைப் பேராசிரியரே சுரண்டும் கத்தியால் சுரண்டி, மேலே கோடு போட்டிருந்தார். வரைகிறவர் கை இல்லை என்பது யாருக்கும் தெரியும், அந்த இடம் மட்டும் ஆறிய காயம்போல் தடித்திருந்தது. ஓரத்தில் பெயர் இல்லை. வடக்கு ஜன்னலில் அவர் புத்தகக் கட்டுகளை அடுக்கிவைத்தார்.

இரண்டு வருடம் கழித்து, சீவும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது லேனிக் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அந்தக் குட்டி சாசேஜ் ஊர்லேருந்து" என்று காதோரம் சொன்னார். "மேல இருக்கறவர் கண்ணுல படறதுக்குள்ள எடுத்துட்டு வந்தேன்."

உள்ளே அச்சான ஒரு கட்டுரை இருந்தது. கெசீனா இப்போது வியன்னாவில்தான் வேலை செய்தாள். இன்னொரு கருவை முதலிலிருந்து கடைசிவரை கரிக்கோடு தவறாமல் அடுக்கி வரைந்திருந்தாள். நடுமுதுகில் அதே பள்ளம். எதிர்ப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் வெளிக்கோட்டுப் படம், குண்டூசி ஓட்டைகள் உட்பட, ஒரு கோடுகூட மாற்றாமல். கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. இரண்டு படங்களுக்கும் கீழே பெயர்கள் அச்சாகியிருந்தன. கெசீனா தாடன். ஒட்டிலி க்ராம்பாக். பதினைந்து வருடத்தில் என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் முதலில் என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடிக்கோலை எடுத்து யாருடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தாளைப் போட்டிருப்பேன், வரைந்தவள் பெயரைப் போட்டிருக்க மாட்டேன். அது தெரிந்ததும் மறுபடி வயிறு எரிய ஆரம்பித்தது.